பூ வண்டிக்கு ஐசி மாற்றிய கதை

வேலம்மாள் அக்கா எங்கள் கடைக்குள் நுழைந்தபோது அவள் இடுப்பில் பூக்கூடை இருந்தது. கூடைக்குள் பூ இல்லை. ஈரத்துணி போட்டு எதையோ மூடியிருந்தாள்.

"ஏட்டி செல்வி, இதைக் கொஞ்சம் பாரு" என்று கூடையை என் மேசைமேல் வைத்துத் துணியை விலக்கினாள். உள்ளே அவளுடைய பூ வண்டியின் ஈசியூ கிடந்தது.

எனக்குப் பகீரென்றது. "யக்கா! இதுக்கு எதுக்கு ஈரத்துணி?"

"வெயிலு இந்தப் போடு போடுதுல்லா. வாடிறக்கூடாதேன்னுதான்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கூடை என்று ஒன்றை எடுத்தால் அதன்மேல் ஈரத்துணியைப் போடுவது அவள் கைக்குப் பழகிப்போன வேலை. நான் அவசரமாகப் பெட்டியை எடுத்துத் துடைத்து மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். நல்லவேளையாக ஈரம் உள்ளே போகவில்லை.

ஈசியூ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வருகிற வண்டி எதுவானாலும் அதன் இன்ஜினுக்கு ஒரு மூளை உண்டு. எப்போது, எவ்வளவு டீசல் விட வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்துவைத்த அளவில் ஓர் அலுமினியப் பெட்டி, அதற்குள் பச்சை நிறத்தில் ஒரு போர்டு. அது மௌனமாகிவிட்டால் டேங்க் நிறைய டீசல் இருந்தும் பிரயோஜனமில்லை. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

அக்காவின் வண்டி அப்படித்தான் அவள் வீட்டு முற்றத்தில் நின்றது.

அது சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த வெள்ளை பிக்கப். சுற்றுவட்டத் தோட்டங்களில் பூ எடுத்து, செங்கோட்டை வழியாக மலையேறிப் புனலூரில் இறக்கிவிட்டுத் திரும்பும். ஓட்டுவது அவள் மகள் கோமதி. அப்பா இறந்த பிறகு சம்பளத்துக்கு வைத்த டிரைவர்கள் நிலைக்காமல் போகவே, "நானே ஓட்டுதேன்" என்று லைசென்ஸ் எடுத்தவள். மலைப்பாதை வளைவுகளில் எதிரே வருகிற லாரிக்காரர்கள் அவளைத் தெரிந்துகொண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போவார்களாம். பெருமையாகச் சொல்லுவாள்.

ஓணம் நெருங்கியிருந்தது. கேரளத்து வாசல்களில் பூக்கோலம் போடுவதற்காகக் கேந்தியும் வாடாமல்லியும் செவ்வந்தியும் மூட்டை மூட்டையாக மலையேறுகிற சமயம். வருஷம் பூராவும் ஓடுகிற ஓட்டம் வேறு, அந்த நாட்களின் ஓட்டம் வேறு. அப்போது பார்த்து வண்டி படுத்துவிட்டது.

"ஷோரூம்ல கேட்டேன். முழுப் பெட்டியையும் மாத்தணும், ஆர்டர் போட்டு வரணும்னாவ. அது வாரதுக்குள்ள ஓணம் முடிஞ்சிரும். நேத்து வாடகை வண்டில அனுப்பிட்டேன். இன்னைக்கு அவனும் கையை விரிச்சிட்டான். நாளைக்கு மத்தியானம் பூ ஏறலன்னா புனலூர்க்காரரு வேற ஆளைப் பாத்துருவாரு மக்கா."

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

கருகல் வாசனை

பெட்டியின் மூடியைச் சுற்றிக் கறுப்பாக ரப்பர் போன்ற பசை பூசியிருப்பார்கள். தண்ணீர், தூசி உள்ளே போகாமல் இருப்பதற்கு. அதைச் சூடு காட்டி இளக்கி, மெல்லிய தகட்டை விட்டுச் சுற்றிலும் அறுத்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் போர்டு உடையும்.

மூடி பிரிந்த உடனே தெரிந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்தது. கருகின ஐசிக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. பிளாஸ்டிக் எரிந்த நெடியோடு, அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்ததுபோல ஒன்றும் கலந்திருக்கும். ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

போர்டின் ஒரு மூலையில், கட்டைவிரல் நகமளவில் சதுரமாக ஒரு ஐசி. நாலு பக்கமும் முடி முடியாகக் கால்கள். அதன் முதுகில் ஒரு கொப்புளம் வெடித்துச் சின்னப் பள்ளமாகியிருந்தது. சுற்றிலும் பழுப்பு வளையம்.

பேட்டரியிலிருந்து வருகிற கரண்டை அளவாகக் குறைத்து, போர்டில் உள்ள மற்ற பாகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இந்த ஐசியின் வேலை. அது போய்விட்டால் மற்றவை நல்ல நிலையில் இருந்தாலும் பட்டினிதான்.

லென்ஸை அக்காவிடம் கொடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள்.

"இத்தினிக்கூண்டு சாமானா என் வண்டியை நிப்பாட்டிட்டு?"

"ஆமாக்கா."

"பாவி மட்டை" என்று அதைத் திட்டினாள். பிறகு, "மாத்திரலாம்லா?" என்றாள்.

பாதிப் பதில்

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து, "நீங்கள் எப்படி வண்டி வேலைக்கு வந்தீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். இந்த இடத்தில் பாதிப் பதிலாவது சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலையில் இருந்தேன். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்போம். முன்னால் லென்ஸ். பெல்ட்டில் போர்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஏதாவது ஒரு பாகம் கோணலாக உட்கார்ந்திருந்தால், ஈயம் சரியாகப் பிடிக்காமல் இருந்தால், எடுத்து ஒதுக்க வேண்டும். அங்கே இருந்த பெண்கள் பலருக்கு அந்த வேலை அலுத்துப்போனது. எனக்கு அலுக்கவில்லை. லென்ஸுக்கு அடியில் ஒரு போர்டைப் பார்ப்பது, எனக்கு ராட்டினத்தின் உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

கல்யாணமாகி இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் கணேசனுக்கு ராஜபாளையம் சாலையில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், வயரிங். அந்தக் கடையின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு செல்போன் சர்வீஸ் ஆரம்பித்தேன். ஒரு நாள் அவர், ஓடாத ஒரு வேனின் ஈசியூவைத் திறந்துவைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி இருந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"உன் போன் போர்டு மாதிரித்தான இருக்கு? பாக்கியா?"

பார்த்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை. வண்டிக்குள் இருக்கிறவரை அது அவருடையது. பெட்டிக்குள் போய்விட்டால் என்னுடையது. ஒருவர் எல்லைக்குள் ஒருவர் தலையிடுவதில்லை. வீட்டில் இந்த அளவு ஒழுங்கு கிடையாது.

ஒரே பொய்யை இருவர் கேட்டார்கள்

ஐசி சும்மா கருகாது. எதனால் என்று தெரியாமல் புதிதாக ஒன்றைப் போட்டால் அதுவும் கருகும்.

"யக்கா, வண்டி நிக்கதுக்கு முன்னால அதுல எதும் வேலை பாத்தீங்களா?"

அக்கா முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னால ரெண்டாவது தட்டு ஒண்ணு வச்சோம். அடியில கிடக்க பூ நசுங்குதுல்லா. கம்பி வச்சு ஒட்டினது."

"யாரு ஒட்டினா?"

"நம்ம இசக்கிதான்."

இசக்கிராஜ், கோமதிக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. ஊருக்குள்ளேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஆவணிக் கடைசியில் கல்யாணம். வருங்கால மாமியாரின் பூ நசுங்குகிறதே என்று, கேட்காமலேயே வந்து தட்டு அடித்துக் கொடுத்திருக்கிறான்.

"ஒட்டும்போது பேட்டரி வயரைக் கழட்டினானா?"

"அதெல்லாம் கழட்டணுமா?"

எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வெல்டிங் வைக்கும்போது பாய்கிற கரண்ட் வண்டியின் உடம்பெல்லாம் ஓடும். பேட்டரியையும் ஈசியூவையும் பிரித்து வைக்காவிட்டால் சில சமயம் நேராக அதற்குள்ளேயே புகுந்துவிடும். அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது வண்டி செத்துக் கிடக்கும்.

விளக்கிச் சொன்னேன். அக்காவின் முகம் வாடியது. அவள் வருத்தம் வண்டிக்காக அல்ல என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

அவளுடைய அண்ணன் சங்கரபாண்டிக்குத் தன் மகனுக்கே கோமதியை எடுக்க வேண்டும் என்று ஆசை. கோமதி, "அவன் கூடப் பொறந்தவன் மாதிரில்லா" என்று சொல்லிவிட்டாள். இசக்கியைக் கட்டிக்கொள்கிறேன் என்றும் அவளேதான் சொன்னாள். தாய்மாமன் சண்டை போடவில்லை. சிரித்த முகமாகவே நிச்சயத்துக்கு வந்து, தாம்பூலத்தையும் வாங்கிக்கொண்டார். ஆனால் எப்போது ஒரு சறுக்கல் வரும் என்று காத்திருந்தார்.

"எங்க அண்ணன் காதுல விழுந்தா என்ன சொல்லுவாவ தெரியுமா? மாப்பிள்ளை கை வச்ச மொத காரியமே இப்படின்னு ஊரு பூராம் சொல்லுவாவ. சகுனம்பாவ. யாரு கேட்டாலும், அதுவாத்தான் போச்சுன்னு சொல்லிரு மக்கா. கோமதிகிட்டயும் அப்படியே சொல்லு. புள்ள மனசு சங்கடப்படும்."

சரியென்று தலையாட்டினேன்.

அக்கா மார்க்கெட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கோமதி வந்தாள். கையில் வடைப் பொட்டலம். காரியம் ஆக வேண்டியிருந்தால்தான் அவள் வடையோடு வருவாள்.

"சித்தி, வெல்டிங் வச்சதாலயா?"

"யாரு சொன்னா?"

"போன்ல தேடிப் பாத்தேன். அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. அது சொம்மாவே அவனை 'பட்டறைக்காரன், பட்டறைக்காரன்'னு ஒரு மாதிரிதான் பாக்கும். அதுவாப் போச்சுன்னு சொல்லிருங்க, என்ன?"

நான் ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாயை அடைத்துக்கொள்வதற்கு அப்போது அதைவிட நல்ல வழி தெரியவில்லை. அம்மா மகளுக்குத் தெரியக் கூடாது என்கிறாள். மகள் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்கிறாள். இரண்டு பேருக்கும் தெரியும் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அதற்குள் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "நீ போர்டைப் பாரு. கல்யாணத்தை அவங்க பாத்துக்கிடுவாங்க" என்றார்.

இஸ்திரிப் பெட்டி

என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் செத்துப்போன போர்டுகள் உண்டு. தண்ணீருக்குள் மூழ்கின வண்டி, மோதி நொறுங்கின வண்டி என்று பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கியவை. கிளறிப் பார்த்ததில் அதே எண் போட்ட ஐசி ஒன்றே ஒன்று இருந்தது.

"அந்தப் போர்டையே இந்த வண்டியில மாட்டிறலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். மாட்டினால் வண்டி ஏற்றுக்கொள்ளாது. எந்தச் சாவிக்கு ஸ்டார்ட் ஆக வேண்டும் என்ற நினைப்பு அந்தந்தப் போர்டில்தான் பதிந்திருக்கும். ஆகவே நினைப்பு இருக்கிற போர்டை அப்படியே வைத்துக்கொண்டு, கருகின ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை உட்கார வைக்க வேண்டும்.

இதில் சிக்கல் என்னவென்றால், இந்தப் போர்டுகள் சூட்டை விழுங்கும். மேலே வெந்நீர் ஆவி மாதிரி சூடான காற்றை அடித்துக்கொண்டே இருந்தாலும், அடியில் உள்ள செம்பு அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். ஈயம் இளகாது. அதனால் அடியிலிருந்தும் சூடு கொடுக்க வேண்டும். அதற்கென்று மெஷின் விற்கிறார்கள். என்னிடம் அது கிடையாது. பழைய இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தி, மேலே வருகிற அதன் அடித்தகட்டில் போர்டை வைப்பேன்.

செங்கல்லைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. இசக்கிராஜ்.

உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"உள்ள வாலே. எதுக்கு அங்கனயே நிக்கே?"

வந்தான். கருகின ஐசியைப் பார்த்தான்.

"யக்கா, என்னாலயா?"

மற்ற இருவரிடமும் நழுவிக்கொண்டவளுக்கு இவனிடம் மழுப்ப முடியவில்லை. ஒரு தொழிலாளி கேட்கிற கேள்வி அது. "ஆமாடே" என்றேன்.

அவன் காதுமடல் சிவந்துவிட்டது. பிறகு கேட்டான்.

"அடுத்து ஒரு வண்டிக்கு வச்சா என்ன செய்யணும்?"

பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், ஈசியூவின் சாக்கெட்டைப் பிடுங்கிவிட வேண்டும், வெல்டிங் மெஷினின் எர்த் கம்பியை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வ வைக்க வேண்டும் என்று சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

"கேட்டு, கிரில்லுதான் அடிச்சிருக்கேன். வண்டில வச்சது இதான் மொதத் தடவ. தெரியலக்கா" என்றான். பிறகு அவன் பார்வை இஸ்திரிப் பெட்டிக்குப் போனது. "இது என்ன, இப்படி ஆடுது?"

காரணத்தைச் சொன்னதும், இஸ்திரிப் பெட்டியை வாங்கி அளவு பார்த்துவிட்டுப் போனான். டீ குடித்து முடிப்பதற்குள் இரும்புத் துண்டுகளை ஒட்டி ஒரு ஸ்டாண்டோடு வந்துவிட்டான். இஸ்திரிப் பெட்டி அதில் கச்சிதமாகத் தலைகீழாக உட்கார்ந்தது. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

அப்போதே அக்காவும் திரும்பி வந்தாள். அவளும் மருமகனாகப் போகிறவனும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். நான் வேலையை ஆரம்பித்தேன்.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். காற்றுப்பட்டால் சூடு ஓடிவிடும். ஆவணி வெயிலில் கடை அடுப்பங்கரை மாதிரி ஆனது. சும்மா உட்கார முடியாத அக்கா, மடியில் பிச்சிப் பூவைக் கொட்டிக்கொண்டு தொடுக்க ஆரம்பித்தாள். ஈயத்தோடு போடுகிற பசை இளகி எழும்பிய புகையும் பிச்சி வாசமும் சேர்ந்து, கோயிலா பட்டறையா என்று சொல்ல முடியாத ஒரு மணம்.

சுற்றியிருக்கிற பாகங்கள் சூட்டில் போய்விடாமல், அலுமினியத் தாளை வெட்டி மூடினேன். அடிச்சூடு ஏறும்வரை காத்திருந்தேன். பிறகு மேலே சூடான காற்று, வட்டம் வட்டமாக. ஈயம் மங்கலிலிருந்து பளபளப்புக்கு மாறுகிற கணம் ஒன்று உண்டு. அந்தக் கணத்தில் இடுக்கியால் தொட்டால், ஐசி தண்ணீரில் மிதக்கிற மாதிரி நகர்ந்துகொடுக்கும். அதற்கு முன்னால் இழுத்தால் அடியில் உள்ள செம்பும் சேர்ந்து பிய்ந்து வந்துவிடும்.

நகர்ந்தது. தூக்கினேன்.

"வந்துட்டா?" என்றாள் அக்கா மூலையிலிருந்து.

"வந்துட்டு."

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து இடத்தைச் சுத்தம் செய்தேன். டப்பாவில் கிடந்த போர்டிலிருந்தும் அதே மாதிரி அந்த ஒற்றை ஐசியைப் பக்குவமாகக் கழற்றினேன். அதன் மூலையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளி போர்டில் இருக்கிற புள்ளிக்கு நேராக வர வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் கரண்ட் கொடுத்த நொடியில் அதுவும் போய்விடும். ஒரு தரம் பார்த்தேன். இவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். எங்கள் எல்லை ஒப்பந்தத்தை மீறி நான் செய்த காரியம் அது.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

சூடு கொடுத்ததும் ஐசி தானாகவே மெல்ல அசைந்து தன் இடத்தில் போய் அமர்ந்துகொண்டது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த ஒரு அசைவு சலிப்பதேயில்லை. தூங்குகிற குழந்தை புரண்டு வாகாகப் படுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

பேசாத பெட்டி

ஆறவிட்டு, மேசையிலேயே கரண்ட் கொடுத்தேன். மீட்டர் முள் சரியான இடத்துக்குப் போய் நின்றது. ஐசி தன் வேலையைச் செய்கிறது. அக்கா பூவை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு எழுந்தாள்.

ஸ்கேனரை மாட்டினேன். பெட்டியோடு பேசிப் பார்க்கிற கருவி அது. 'இருக்கிறாயா?' என்று கேட்டால், 'இருக்கிறேன்' என்று பதில் வர வேண்டும்.

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இசக்கி தரையைப் பார்த்தபடி நின்றான். போர்டின் மூளையான பெரிய ஐசியே போயிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அது எனக்குத் தெரியும். அவர்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பொழுது சாயப் போகிறதென்று இவர் கடையை அடைக்கச் சொன்னார். "கண்ணு அலுத்துட்டு உனக்கு. காலைல பாரு."

காலையில் கடையைத் திறந்து விளக்குகூடப் போடவில்லை. வாசலில் விழுந்த வெயிலில் போர்டைச் சாய்த்துப் பிடித்து லென்ஸை வைத்தேன். சாய்வாக வெளிச்சம் விழுந்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத சிலது தெரியும். புதிய ஐசியின் ஒரு காலிலிருந்து கிளம்பிப் போகிற செம்புத் தடம், பழுப்பு வளையத்துக்குள் ஓர் இடத்தில் அறுந்திருந்தது. கருகல் கறையோடு கறையாக மறைந்திருந்தது.

அது எந்தத் தடம் தெரியுமா? 'கரண்ட் வந்துவிட்டது, இனி நீ வேலையை ஆரம்பிக்கலாம்' என்று மூளைக்குச் சொல்லுகிற தடம். சாப்பாடு வந்துவிட்டது, சாப்பிடச் சொல்லத்தான் ஆளில்லை. மூளை சாகவில்லை. காத்துக்கொண்டிருந்தது!

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை எடுத்து, இரண்டு முனையையும் சுரண்டி, அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒட்ட வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. மூச்சு விட்டால் கம்பி பறந்துவிடும்.

ஸ்கேனரை மாட்டிக் கேட்டேன். இருக்கிறேன் என்றது.

முற்றத்தில்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் முற்றத்தில் மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மஞ்சளும் ஊதாவுமாகத் தரையே தெரியவில்லை. ஒரு நாற்காலியில் சங்கரபாண்டி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் போன். தங்கச்சி வண்டி நின்றுவிட்டதென்று கேள்விப்பட்டு வந்தாராம். இசக்கி சுவரோரம் நின்றான்.

இவர் பெட்டியை வண்டியில் மாட்டினார். இனி அது அவர் எல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"போடுளா" என்றார் கோமதியிடம்.

அவள் சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தது. நேற்றுவரை எரியாமல் இருந்த விளக்கு. ஸ்டார்ட்டர் சுற்றியது. இருமியது. நின்றது. இரண்டாவது தரம் திருப்பினாள். புகையைக் கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கோமதி ஹாரனை அழுத்தினாள், கையை எடுக்கவே இல்லை. அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள். அப்படியே பக்கத்தில் நின்ற இவருக்கும் செய்யப் போனாள், இவர் ரெண்டடி பின்னால் போனார்.

ஹாரன் சத்தம் அடங்கியதும் அண்ணாச்சி நாற்காலியிலிருந்து கேட்டார்.

"ஆமா, நல்லா ஓடுன வண்டிதான? எதுனால போச்சு?"

கோமதி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். நான் வழிநெடுக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"என்னாலதான் மாமா" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

இசக்கி முன்னால் வந்தான். "தட்டு ஒட்டும்போது பேட்டரியைக் கழட்டாம வச்சுட்டேன். அதுல கரண்ட் ஏறிப் போயிட்டு. தெரியாமப் பண்ணிட்டேன். தெரியாதுன்னா கேட்டிருக்கணும், கேக்கல. என் தப்புதான்."

அண்ணாச்சி காத்திருந்தது வந்துவிட்டது. ஆனால் அவரே கண்டுபிடித்துச் சொல்வதற்கு எதையும் அவன் மிச்சம் வைக்கவில்லை. அவர் தங்கச்சியைப் பார்த்தார்.

அக்கா இசக்கியை மேலும் கீழும் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் அவனை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

"இத்தனை வருசமா பூ வாங்கி விக்கேன்" என்றாள். "நேத்துப் பூவை நேத்துப் பூன்னு சொல்லி வித்தவன் ஒருத்தனை இன்னைக்குத்தான் பாக்கேன்."

அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "என்ன அண்ணே, நான் சொல்லுதது?"

அண்ணாச்சி கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோமதி இன்ஜினை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா வண்டியின் பின்பக்கம் போய்த் தட்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். வலது மூலை கிணுகிணுத்தது.

"இங்கன ஒழுங்காப் பிடிக்கல பாரு. லோடு ஏத்துததுக்குள்ள ஒட்டிக் குடு."

"இப்பவா?" என்றான் இசக்கி.

"பின்ன? ஓணம் முடிஞ்சா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். ஓடிப் போய்ப் பட்டறையிலிருந்து மெஷினைக் கொண்டுவந்தான். பானட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினான். இவர் ஈசியூவின் சாக்கெட்டைப் பிடுங்கினார். எர்த் கம்பியைத் தட்டின் மூலைக்குப் பக்கத்திலேயே கவ்வ வைத்துவிட்டு, "யக்கா, சரியா?" என்று கேட்டான்.

"சரி. வை."

பொறி பறந்தது. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

"ஏய், பூவுல பொறி விழுதுல்லா" என்று கத்தினார் அண்ணாச்சி. "யாராவது அந்த மூட்டையைத் தள்ளி வைங்களேன்."

எங்களில் யாரும் அசையவில்லை. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார், கேந்தி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளி வைக்க ஆரம்பித்தார்.